ட்ரெயிலுக்கு நம்பர் இருக்கு, லயத்துக்கு இல்லை

போன வாரம் நம்ம செட்டுக்குள்ள ஒரு வீடியோ சுத்தி வந்துச்சு. ட்ரோன் கமராவில எடுத்தது. மவுசாக்கலை நீர்த்தேக்கம், விடியக்காலை மூடுபனி, தண்ணிக்கு அந்தப் பக்கம் சிவனொளிபாதமலை. கரையோரம் ஒத்தையடிப் பாதையில முதுகுப்பையோட ரெண்டு பேர் நடந்து போறாங்க. கீழே பெரிய எழுத்தில் "யாரும் தொடாத ஏரி" என்று போட்டிருந்தது. நம்ம பிள்ளைகள் நிறையப் பேர் இதயம் போட்டிருந்தாங்க. ருவான்வெல்லைத் தம்பி ஒருத்தர், "நம்ம பக்கத்துக்கும் இப்படி ஒரு ட்ரெயில் கேட்டு வாங்கணும்" என்று எழுதியிருந்தார்.

கேட்போம் தம்பி. ஆனா அதோட சேர்த்து வேற எதைக் கேட்கணும்னு தெரிஞ்சு கேட்போம். அதுக்காகத்தான் இதை எழுதுறேன்.

முதல்ல அந்த "யாரும் தொடாத" கதையைப் பார்ப்போம். மவுசாக்கலை இயற்கை ஏரியே கிடையாது. மஸ்கெலி ஓயாவை மறிச்சு 1969இல் முடிச்ச அணையால வந்த தண்ணி அது. பழைய மஸ்கெலியா டவுன் அதுக்கு அடியில கிடக்கு. வெயில் காலத்தில் நீர்மட்டம் நல்லா இறங்கினா பழைய கோயில், விகாரை, பள்ளிவாசல் எல்லாம் வெளியில தலைகாட்டும். பார்க்கிறதுக்கு ஜனம் கூடும். பக்கத்தில இருக்கிற காசல்ரீயும் அப்படித்தான். கெஹெல்கமு ஓயாவை மறிச்சு 1965இல் வந்தது. இந்த ரெண்டு தண்ணியையும் சுத்தி நிக்கிற தேயிலை முழுக்க ஆள் கை நட்டது, ஆள் கை கவ்வாத்து வெட்டினது. வாரத்துக்கு ஒரு தடவை அந்தச் செடியில கொழுந்து எடுக்க ஒரு பொம்பளை படங்கைக் கட்டிக்கிட்டு, அட்டைக்கடியோட ஏறி வர்றாங்க. இவ்வளவுக்குப் பிறகும் ஒருத்தர் "யாரும் தொடாத" என்று எழுதினா, தொட்ட கையை அவர் ஆள் கணக்கில சேர்க்கல என்றுதானே அர்த்தம்?

"மஸ்கெலியா விஷயத்தில கேகாலைக்காரங்களுக்கு என்ன வேலை" என்று யாராவது கேட்கலாம். அந்த ரெண்டு ஓயாவும் நோர்ட்டன், லக்சபானை, பொல்பிட்டிய என்று மின்நிலையம் மின்நிலையமா இறங்கி, கரண்ட் குடுத்து முடிச்சு, களனி ஆறா சேர்ந்து, கித்துல்கலை, எட்டியாந்தோட்டை தாண்டி நம்ம கரவனெல்லைக்குத்தான் வருது. லக்சபானை மின்நிலையம் 1950இல் ஓடத் தொடங்கிச்சு. கொழும்புக்கு லைட் எரிஞ்சது. அதே மலைச்சரிவில இருந்த லயங்கள்ல குப்பி விளக்கு அணைய இன்னும் பல பத்து வருஷம் ஆச்சு. தண்ணி மேல இருந்து கீழ வருது. லாபம் மட்டும் எப்பவும் அந்த மலையைத் தாண்டி வேற எங்கேயோ போயிருது. ட்ரெயில் விஷயத்திலயும் அதுதான் நடக்குமா என்கிறதுதான் என் கேள்வி.

பெக்கோ ட்ரெயிலைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. கண்டி ஹந்தானையில தொடங்கி, கலஹா, லூல்கந்துரை, பூண்டுலோயா, கொட்டகலை, நோர்வுட், பொகவந்தலாவை, ஹப்புத்தளை, எல்ல என்று சுத்தி வந்து நுவரெலியாவில முடியிற நடைபாதை. 300 கிலோமீற்றருக்கு மேல, 22 கட்டம். ஐரோப்பிய ஒன்றியமும் யூ.எஸ்.எயிட்டும் உதவி செஞ்சது. அதுக்காகப் புதுசா மலையை வெட்டிப் பாதை போடல. பெரும்பாலும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கிற தோட்டத்து ரோடுகளையும் குறுக்குப் பாதைகளையும் ஒண்ணோட ஒண்ணு கோத்து எடுத்ததுதான். நல்ல யோசனை. நான் அதுக்கு எதிரி இல்ல. கூட்டாளிகளோட நோர்வுட் பக்கம் ஒரு துண்டு நடந்தும் பார்த்திருக்கேன். ஹோட்டல் கட்டி, சரிவை வெட்டி, ஏரியை மறைக்கிறதை விட மனுஷன் நடந்து பார்த்துட்டுப் போறது ஆயிரம் மடங்கு மேல்.

எனக்கு உறுத்துறது வேற. அந்தப் பாதையில ஒவ்வொரு கட்டத்துக்கும் நம்பர் இருக்கு. எத்தனை கிலோமீற்றர், எவ்வளவு ஏத்தம், எந்த வளைவில இடது பக்கம் திரும்பணும் என்கிறது வரைக்கும் ஃபோன்ல பார்க்கலாம். ஸ்பெயின்ல இருந்து வர்ற ஒருத்தர் வழி தவறாம போய்ச் சேருவார். ஆனா அதே பாதை ஓரத்து லயத்தில இருக்கிற ஆளுக்கு ஒரு கடிதம் போட்டுப் பாருங்க. காம்பராவுக்கு நம்பர் இல்ல, ரோட்டுக்குப் பேர் இல்ல. பேர், டிவிஷன், தோட்டம், அவ்வளவுதான் முகவரி. தோட்டத்தில பெரும்பாலும் தபால்காரர் வாசலுக்கு வர்றதில்ல. கட்டா ஒபிஸ்ல குடுத்துட்டுப் போவார். அங்கிருந்து அது எப்ப வரும், யார் கையில வரும், உடைச்சு வருமா உடைக்காம வருமா என்கிறது நம்ம தலையெழுத்து.

நம்ம பக்கத்து றப்பர் தோட்டம் ஒண்ணுல ஒரு அக்கா. ஏ.எல். பாஸ் பண்ணி, அரசாங்க வேலைக்குப் போட்டு, இன்டர்வியூ கடிதமும் வந்திருக்கு. எங்க வந்திருக்கு? ஒபிஸ் மேசைக்கு. பதினொரு நாள் அங்கேயே கிடந்திருக்கு. அவங்க கைக்குக் கிடைச்சப்ப திகதி முடிஞ்சு மூணு நாள். இப்ப கொழும்பில ஒரு புடவைக் கடையில நிக்கிறாங்க. இதைப் படிக்கிற தோட்டத்துப் பிள்ளை யாரை நிப்பாட்டிக் கேட்டாலும் இந்த மாதிரி ஒரு கதை வெளியில வரும். நகர்ந்து போற வெளிநாட்டுக்காரருக்கு வழி காட்ட ஒவ்வொரு திருப்பத்தையும் குறிச்சு வைக்க முடியுது. தலைமுறை தலைமுறையா அதே இடத்தில இருக்கிறவங்க வாசலில ஒரு நம்பர் தகடு அடிக்க முடியல. இது காசில்லாத பிரச்சினை கிடையாது. முகவரி குடுத்தா ஒரு ஆள் அந்த இடத்துக்காரர் ஆகிருவார். அதுதான் பிரச்சினை.

இன்னொன்று. அன்னைக்கு நாங்க நடந்தப்ப ஒரு தோட்டத்து எல்லையில வாச்சர் மறிச்சார். "எங்க போறீங்க? யாரு வீட்டுப் புள்ளைங்க? தொரைகிட்ட கேட்டீங்களா?" சும்மா நடக்க வந்தோம்னு சொன்னா நம்பல. "சும்மா நடக்க என்ன இருக்கு?" நாங்க நின்னு பேசிக்கிட்டு இருக்கும்போதே வெள்ளைக்காரத் தம்பதி ஒண்ணு பின்னால வந்துச்சு. அண்ணன் சிரிச்சு, கையைக் காட்டி வழி விட்டார். அவர் மேல எனக்குக் கோபம் வரல. அவரும் நம்ம ஆள்தான், சம்பளத்துக்கு நிக்கிறவர். ஆனா அவர் மண்டைக்குள்ள ஒரு சட்டம் எழுதியிருக்கு: வெளியாள் நடந்தா சுற்றுலா, நம்ம ஆள் நடந்தா களவு. அதை எழுதினது அவர் இல்ல.

"வருமானம் வரும்தானே, எதுக்கு எல்லாத்திலயும் குறை சொல்றீங்க?" இப்படியும் கேட்பாங்க. நியாயமான கேள்விதான், கணக்குப் பார்ப்போம். நடக்க வர்றவங்களுக்குத் தங்க இடம் வேணும், சாப்பாடு வேணும், வழிகாட்டி வேணும். ஊர்ல சொந்த வீடு இருக்கிறவர் ஒரு அறையை ஒதுக்கி, பெயின்ட் அடிச்சு, ஹோம்ஸ்டே போர்ட் மாட்டிருவார். லயத்தில இருக்கிறவர் என்ன செய்வார்? தோட்டக் காணி 1972, 1975 காணிச் சட்டங்களால அரசாங்கத்துக்குப் போச்சு. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளுக்குக் குடுத்தாங்க, பிறகு நீண்டகாலக் குத்தகையும் வந்துச்சு. நடுவில நம்ம பேருக்கு ஒரு பேர்ச் கூட எழுதல. அதுக்குப் பிறகு ஏழு பேர்ச், பத்து பேர்ச் என்று எத்தனை மேடையில கேட்டோம்! கிடைச்ச குடும்பங்கள் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா லயத்திலேயே இருக்கிறவங்கதான் இன்னும் அதிகம். பத்திரம் இல்லாத காம்பராவை வச்சு பேங்க்ல கடன் வாங்க முடியாது. இஸ்தோப்பில ஒரு தேத்தண்ணிக் கடை போடவும் ஒபிஸ்ல கேட்கணும். அதனால காசு எங்க போகும்? பத்திரம் இருக்கிற இடத்துக்கு. காசல்ரீயைச் சுத்தி இருக்கிற பழைய தொரை பங்களாக்கள் இன்னைக்கு ஆடம்பர ஹோட்டல்கள். பங்களாவில தங்கி, ஜன்னலைத் திறந்து, லயத்தை "காட்சி"யா பார்க்கலாம். நம்ம ஆளுக்கு அதில கிடைக்கிறது தோட்டத்தைக் கூட்டுற வேலையும், கூடையோட நின்னு ஃபோட்டோவுக்குச் சிரிக்கிற வேலையும்.

நம்ம கித்துல்கலையைப் பாருங்களேன். 1957இல் வந்த "குவாய் நதிப் பாலம்" படத்தை அங்க எடுத்தாங்கன்னு இன்னைக்கும் சொல்லி ஆள் கூட்டுறாங்க. ஆத்துல ராஃப்டிங் எத்தனையோ வருஷமா நடக்குது. ஆத்துக்கு மேல, சரிவில இருக்கிற லயத்துக் கூரைத்தகரம் அதால மாறிச்சா? சுற்றுலா வந்தா தானா எல்லாம் மாறும் என்கிற ஆளுக்கு, தூரம் போகாம, எட்டியாந்தோட்டையில பஸ் ஏறி அதைப் போய்ப் பார்க்கச் சொல்லலாம்.

"அபிவிருத்தி ஆகாத" என்ற சொல்லையும் கொஞ்சம் திருப்பிப் பார்ப்போம். ஏரிக்கு அதைச் சொன்னா அழகு. ஹோட்டல் இல்ல, மோட்டார் போட் இல்ல, பறவைச் சத்தம் மட்டும். அப்படியே இருக்கட்டும், நானும் அதுக்குக் கை தூக்குவேன். ஆனா அதே சொல் லயத்துக்குப் பக்கத்தில வந்தா என்ன அர்த்தம்? குண்டும் குழியுமான தோட்ட ரோடு நடக்க வர்றவருக்கு "பழமை மாறாத பாதை." அதே ரோட்டில வான் ஏற மாட்டேங்குதுன்னு நெஞ்சுவலிக்காரரைக் கம்பளியில தூக்கிக்கிட்டு இறங்குறவங்களுக்கு அது வேற. செங்குத்தான சரிவு ஒருத்தருக்குக் காட்சி. 2016 மே 17 ராத்திரியை நம்ம மாவட்டம் மறக்க முடியாது. அரநாயக்கவில மலை இறங்கின அதே மழையில, புளத்கொஹுபிட்டிய களுப்பஹன தோட்டத்தில லயத்து மேலயும் மண் வந்து விழுந்துச்சு. அதுக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னால, 2014 ஒக்டோபர் 29, கொஸ்லாந்தை மீரியபெத்தை. மழை வந்தா நடக்க வர்றவர் பயணத்தைத் தள்ளிப் போடுவார், அது புத்திசாலித்தனம். லயத்தில இருக்கிறவர் எதைத் தள்ளிப் போடுவார்?

இனி நம்மளையும் கொஞ்சம் திட்டிக்குவோம். ட்ரெயில் பேச்சு எடுத்தாலே நம்ம பெரியவங்க சிரிக்கிறாங்க: "நாங்க தெனமும் நடக்கிறதுதானே, இதுக்கு வேற சப்பாத்து போட்டு, காசு குடுத்து நடக்கணுமா?" கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தச் சிரிப்புக்குள்ள ஒரு தோல்வி இருக்கு. நமக்கு நடை என்றா வேலை மட்டும்தான்னு நாமளே ஒத்துக்கிட்டோம். பிரட்டுக்களத்துக்கு நடை, மலைக்கு நடை, கொழுந்து நிறுக்க நடை, பால் வாளியோட நடை. பொழுதுபோக்கா, சந்தோஷத்துக்கு, கூட்டாளியோட பேசிக்கிட்டு நடக்கிறது நம்மளுக்கு உரியதில்லைன்னு யார் சொன்னது?

நம்ம வரலாறே நடைதானே. 19ஆம் நூற்றாண்டில தலைமன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியா மாத்தளைக்கு நடந்தே வந்த சனம். காய்ச்சல்ல, வாந்திபேதியில விழுந்தவங்களை வழியிலேயே விட்டுட்டு நடந்த சனம். அந்த வழியில கிலோமீற்றர் கல் வச்சு யாரும் கௌரவப்படுத்தல. 2023இல், வந்து இருநூறு வருஷம்னு சொல்லி, ஜூலை 28 தலைமன்னாரில தொடங்கி ஒகஸ்ட் 12 மாத்தளையில முடியிற மாதிரி அதே வழியில நடந்தாங்க. நம்ம சனத்தோட சேர்ந்து சிங்களவர், முஸ்லிம்கள் எல்லாரும் நடந்தாங்க. போற ஊர்ல எல்லாம் தண்ணி குடுத்தாங்க. சிவனொளிபாதமலைக்குப் போற வழியும் அப்படித்தானே? நல்லதண்ணிப் பக்கம் ஏறினாலும் சரி, நம்ம சப்ரகமுவாவில குருவிட்ட, இரத்தினபுரிப் பக்கம் ஏறினாலும் சரி, "யாரு வீட்டுப் புள்ள"ன்னு யாரும் மறிக்கிறதில்ல. எல்லா மதத்துக்காரரும் ஏறுறாங்க. எல்லாருக்கும் பொதுவான நடைபாதை எப்படி இருக்கும்னு இந்த நாட்டுக்கு ஏற்கனவே தெரியும்.

வெளியூர்க் கதை ஒண்ணும் சொல்றேன். இங்கிலாந்தில மான்செஸ்டர் நகரத்துக்குப் பக்கத்தில கிண்டர் ஸ்கவுட் என்று ஒரு மேட்டு நிலம், அதுக்குக் கீழே ஒரு நீர்த்தேக்கம். பிரபுக்கள் பறவை சுடுறதுக்காக அந்த மலையை வேலைக்காரர் வச்சு அடைச்சு வச்சிருந்தாங்க. 1932 ஏப்ரல் 24, ஞாயித்துக்கிழமை, ஏறக்குறைய நானூறு பேர், பெரும்பாலும் இளம் தொழிலாளர்கள், அந்த நீர்த்தேக்கத்தைத் தாண்டி மேல ஏறிட்டாங்க. முன்னால நின்ன பென்னி ரொத்மனுக்கு வயசு 20. ஐந்து பேருக்குச் சிறை. ஆனா அந்த நடை ஊரையே உலுக்கிச்சு. 1949இல் தேசியப் பூங்காக்களுக்கும் கிராமப்புறத்தில நடக்கிற உரிமைக்கும் சட்டம் வந்ததுக்குப் பின்னால அந்த ஞாயித்துக்கிழமையும் இருக்கு. மில்லுல வேலை செய்ற பிள்ளைகளுக்கு ஏரியும் மலையும் எதுக்குன்னு அங்கயும் கேட்டாங்க. வாரம் முழுக்க புகையில நிக்கிறவனுக்குத்தான் அது முதல்ல வேணும் என்று பதில் சொன்னாங்க.

ஸ்கொட்லாந்தில 2003இல் ஒரு காணிச் சட்டம் வந்துச்சு. அதுப்படி, பொறுப்பா நடந்துக்கிட்டா, தனியார் காணியா இருந்தாலும் பெரும்பாலான இடங்கள்ல யாரும் நடக்கலாம். 1867இல் லூல்கந்துரையில 19 ஏக்கர்ல தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் அந்த ஸ்கொட்லாந்துக்காரர். அவர் உட்கார்ந்து மலையைப் பார்த்த கல் ஆசனம் என்று ஒண்ணை லூல்கந்துரையில இன்னைக்கும் காட்டுறாங்க. அவரோட ஊர்ல சாதாரண ஆளுக்கு நடக்கிற உரிமை சட்டமா இருக்கு. அவர் தோட்டம் போட்ட ஊர்ல, அந்தக் காட்டை வெட்டினவங்க பேரப்பிள்ளை நடந்தா வாச்சர் மறிக்கிறார்.

சரி, என்ன கேட்கப் போறோம்? நம்ம ருவான்வெல்லை, எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலைப் பக்கத்துக்கும் ஒரு நாள் யாராவது வரைபடத்தோட வருவாங்க. றப்பர் மரத்து நிழல்ல நடக்கிற பாதை, ஆத்தோரம், பழைய சின்ன ரயில் எட்டியாந்தோட்டைக்கு ஓடின தடம்னு சொல்ல நிறைய இருக்கு. நாம மேல இருக்கிற தோட்டங்களை விடச் சின்னக் கூட்டம், சிதறிக் கிடக்கிற கூட்டம். அதனால கேட்காம விட்டா நம்ம இருக்கிறதே வரைபடத்தில விழாது. அன்னைக்கு மாலையோட போய் நிக்காம, இதைக் கையில வச்சிருப்போம்.

ஒண்ணு, பாதைக்கு நம்பர் அடிக்கிற அன்னைக்கே பாதை ஓரத்து ஒவ்வொரு வீட்டுக்கும் நம்பர், ஒவ்வொரு லயத்துக்கும் முகவரி, தபால் நேரா வாசலுக்கு. ரெண்டு, பாதை போற தோட்டத்தில வீட்டுக்காணிப் பத்திரம். அது இல்லாம "உள்ளூர் மக்களுக்கு வருமானம்" என்ற வசனத்தை எந்த அறிக்கையிலயும் எழுதக்கூடாது. மூணு, அந்த ரோடு நோயாளி வண்டி ஏறுற ரோடா முதல்ல ஆகணும், பிறகு நடைபாதை ஆகட்டும். மலையில வேலை செய்ற பொம்பளைங்களுக்குக் கழிவறை கட்டாம, நடக்க வர்றவருக்கு மட்டும் கட்டினா நாமளே போய்க் கேட்கணும். நாலு, போர்டுல தமிழும் இருக்கணும். அதில நம்ம சனம் வச்ச பேரும் இருக்கணும்: கோயில் மலை, பீலிக்கரை, ஆத்துமலை என்று நாம கூப்பிடுற பேர். ஐந்து, தோட்டத்துப் பிள்ளை அந்தப் பாதையில யாரையும் கேட்காம நடக்கலாம் என்று எழுத்தில வேணும். வழிகாட்டி வேலையும் முதல்ல அந்தப் பிள்ளைக்கு.

இது பேராசை என்று தோணினா, எதை விடலாம்னு நீங்களே சொல்லுங்க. நான் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டேன், அஞ்சில எதையும் விட முடியல.

அந்தத் தம்பிக்குக் கடைசியா ஒரு வார்த்தை. வெயில் காலத்தில மவுசாக்கலைத் தண்ணி இறங்கும். பழைய கோயில் தெரியும். ஒரு ஞாயித்துக்கிழமை கரவனெல்லைச் சந்தியில ஹட்டன் பஸ் ஏறுவோம். தண்ணிப் போத்தல், கட்டுச்சோறு, அட்டைக்கு உப்பு. யாரும் மறிச்சா, சும்மா நடக்க வந்தோம்னு சொல்லுவோம். "சும்மா நடக்க என்ன இருக்கு"ன்னு கேட்டா, அங்கேயே உட்கார்ந்து மேல எழுதின அஞ்சையும் வாச்சர் அண்ணனுக்கும் வாசிச்சுக் காட்டுவோம். அவரும் லயத்திலதானே இருக்கார்.